கைமாறிய நஞ்சு

நம் அறநூல்கள் கொல்லாமையைத் தலையாய அறங்களுள் ஒன்றாக வைத்தன. வள்ளுவர் இன்னா செய்யாமைக்கு ஓர் அதிகாரமும் கொல்லாமைக்கு ஓர் அதிகாரமும் அடுத்தடுத்து வகுத்தார். கொன்றவன் இன்னான் என்று கண்ணுக்குத் தெரியும் இடத்தில் இவ்வறத்தைப் பேசுவது எளிது. வில்லை வளைத்தவன் வேடன். வாளை வீசியவன் கொலைஞன். ஆனால், ஒருவன் வைத்த நஞ்சை ஓர் உயிர் தின்று, அவ்வுயிரை மற்றோர் உயிர் தின்று, எவர் கண்ணும் படாத ஓரிடத்தில் அது விழுந்து மடியுமானால், அந்தச் சாவை யார் பெயரில் எழுதுவது? நஞ்சு வைத்தவன் பெயரிலா? விற்றவன் பெயரிலா? பசி தீரத் தின்ற அப்பறவையின் விதியின் மீதா?

இவ்வினாவை எனக்குள் எழுப்பியது ஒரு பறவை. கடலுக்கு அப்பால், ஒரே ஒரு தீவில் மட்டும் வாழும் அப்பறவையை நான் நேரில் கண்டதில்லை. அதன் உறவினம் ஒன்றைப் பூதிகோட்டையில் கண்ட ஒரு மாலைப்பொழுதில் அதன் கதையை நான் கேட்டேன்.

பூதிகோட்டை, கோலார் தங்கவயலுக்கு அருகே பங்காரப்பேட்டை வட்டத்தில் உள்ள ஊர். பூதி என்பது சாம்பல். சாம்பற்கோட்டை என்பதே ஊர்ப்பெயரின் பொருள். மைசூரை ஆண்ட ஐதர் அலி பிறந்த ஊர் அது. ஊரை ஒட்டி மார்க்கண்டேய ஆற்றின் நீர்த்தேக்கம் உண்டு. அவ்வாறு தெற்கே இறங்கித் தமிழகத்தில் தென்பெண்ணையோடு கலக்கிறது. நம்மவர் வடக்கே ஏறி வந்த வழியில் ஆறு தெற்கே இறங்கிப் போகிறது என்று என் தந்தையார் சொல்லிச் சிரிப்பார். எங்கள் பாட்டனார் வட ஆற்காட்டிலிருந்து தங்கச் சுரங்கத்துக்கு வந்தவர். 2001ஆம் ஆண்டு பிப்ரவரி 28ஆம் நாள் சுரங்கங்கள் மூடப்பட்டபின், தந்தையார் தம் சேமிப்பைக் கொண்டு பூதிகோட்டைப் பக்கம் ஒன்றரை ஏக்கர் மேட்டு நிலம் வாங்கினார். கேழ்வரகும் அவரையும் விளையும் நிலம். அதைச் சுற்றிலும் பாறைக்குன்றுகளும் புல்வெளியும் இருந்தன.

சில ஆண்டுகளுக்கு முன், ஒரு மார்கழியில், ரியூனியன் தீவிலிருந்து ஓர் அன்பர் எங்கள் வீட்டுக்கு விருந்தினராக வந்தார். அவருடைய முன்னோர் காரைக்காலில் கப்பலேறிய ஒப்பந்தக் கூலிகள். அவருக்குத் தெரிந்த தமிழ், கோயிலில் கேட்டுக் கேட்டு நெஞ்சில் பதிந்த தமிழ். எஞ்சிய பேச்சை நாங்கள் ஆங்கிலத்தில் பேசிக்கொண்டோம். புலம்பெயர்ந்த தமிழர் வாழும் மற்றோர் ஊரைக் காண வேண்டும் என்பதே அவர் வருகையின் நோக்கம்.

அன்று மாலை அறுவடை முடிந்த கேழ்வரகுத் தாளின் மேல் ஒரு பறவை மிகத் தாழ்வாக வந்தது. வெண்சாம்பல் நிறம், நீண்ட சிறகு. சிறகை மேல்நோக்கிச் சற்றே விரித்துப் பிடித்தபடி, பூனை பதுங்கி வருவதுபோல வரப்போரமாகத் தவழ்ந்து வந்தது. பூனைப்பருந்து என்பது அதன் பெயர். நடு ஆசியப் புல்வெளிகளில் குஞ்சு பொரித்து, பனிக்காலத்தில் தக்காணத்துக்கு வந்து, வெட்டுக்கிளியும் எலியும் சிறு பறவையும் தின்று, இரவில் புல்லிடையே தரையிலேயே கூட்டமாய் உறங்கி, மாசி பங்குனியில் திரும்பிப் போகும் பறவை அது. விருந்தினர் என் கையைப் பற்றினார். "பப்பாங்கு! பப்பாங்கு!" என்றார். பிறகு தாமே தலையசைத்து, "எங்கள் பறவையன்று, ஆனால் எங்கள் பறவையின் உறவு" என்றார்.

பப்பாங்கு என்பது ரியூனியன் தீவின் பூனைப்பருந்து. உலகில் அத்தீவைத் தவிர வேறெங்கும் இன்று அது இல்லை. தீவில் கூடு கட்டி வாழும் ஒரே பருந்தினமும் அதுவே. ஆண், மேலே கருமையும் கீழே வெண்மையும் கொண்டது. பெண் பழுப்பு நிறத்தது. பிரெஞ்சு இயற்கை அறிஞர் சூல் வெர்ரோ 1862ஆம் ஆண்டில் அதற்கு அறிவியற் பெயர் சூட்டினார். தீவைப் பற்றி நூல் எழுதிய பொறியாளர் லூயி மையார் என்பவரின் நினைவு அப்பெயரில் நிற்கிறது. மடகாசுகரின் சதுப்பு நிலங்களிலும் புல்வெளிகளிலும் வாழும் பூனைப்பருந்தும் இதுவும் ஒன்றே என்று முன்னாளில் எண்ணினர். இன்று அவை இரு வேறு இனங்களாகக் கொள்ளப்படுகின்றன. மடகாசுகர்ப் பறவையும், சதுப்பு வயலாவதாலும் புல்வெளி தீக்கிரையாவதாலும் அருகி வருகிறது.

பப்பாங்கு தரையில்தான் கூடு கட்டும். இரண்டு அல்லது மூன்று முட்டையிடும். பெண் கூட்டில் அமர்ந்திருக்க, ஆண் இரை தேடிவரும். கூட்டுக்கு மேலே பறந்துவந்து அது இரையை நழுவவிடும். பெண் எழுந்து சென்று அந்தரத்திலேயே அதைப் பற்றிக்கொள்ளும். ஒரு குடும்பத்தின் உணவு காற்றில் கைமாறும் அக்காட்சியை விருந்தினர் தம் இரு கைகளாலும் எனக்கு நடித்துக் காட்டினார்.

இப்பறவை அத்தீவின் மண்ணின் மைந்தனா என்று கேட்டால், விடை எளிதன்று. ரியூனியன் கடலடியிலிருந்து எரிமலை கக்கிய பாறையால் எழுந்த தீவு. அங்கே எந்த உயிரும் முதலிலிருந்தே இருந்ததில்லை. பப்பாங்கின் மூதாதையும் ஏதோ ஒரு நாள் கடல் கடந்து வந்த பறவையே. வௌவாலைத் தவிர வேறு நிலவிலங்கு எதுவும் அங்கு இயல்பாக இருந்ததில்லை. ஆகையால் அது பறவையும் பல்லியும் பூச்சியும் தின்று வாழ்ந்தது. 17ஆம் நூற்றாண்டின் நடுவில் மனிதர் குடியேறினர். கப்பலோடு எலி வந்தது. காடு குறைந்தது; தீவுக்கே உரிய பறவைகள் பல அடியோடு மறைந்தன. பப்பாங்கு மறையவில்லை. வந்தேறிய எலியையும் சுண்டெலியையும், மடகாசுகரிலிருந்து கொண்டுவரப்பட்ட தென்ரெக் என்னும் முள்ளுடம்பு விலங்கையும் உணவாக்கிக்கொண்டு பிழைத்தது. அதன் பெயர்கூட வந்தேறிய சொல்லே. மடகாசுகர் மக்கள் பருந்தைப் 'பப்பாங்கோ' என்பர். அடிமைகளாய்க் கொண்டுவரப்பட்ட அவர்கள் தங்கள் ஊர்ப் பருந்தின் பெயரை இப்பறவைக்கு இட்டனர்.

நம் வீட்டு வேலியில் பாடும் செம்மீசைச் சின்னானும் அத்தீவில் இருக்கிறது. மொரீசியசு வழியாக 1972ஆம் ஆண்டில் அங்குச் சென்ற அப்பறவை, இன்று பழமரங்களுக்கும் காட்டுக்கும் தொல்லை என்று எண்ணப்படுகிறது. ஓரிடத்தில் வீட்டுப்பறவை, மற்றோரிடத்தில் தீங்கு. முதலில் வந்ததா, பின்னர் வந்ததா என்பதைவிட, வந்த இடத்தில் என்ன செய்கிறது என்பதே கேள்வி போலும்.

பின்னர் வந்தவர்களில் நம்மவரும் உண்டு. 1848ஆம் ஆண்டு டிசம்பர் 20ஆம் நாள் அத்தீவில் அடிமை முறை ஒழிந்தது. கரும்புத் தோட்டங்களுக்கு ஆள் வேண்டியிருந்தது. புதுச்சேரி, காரைக்கால் வழியாகவும், 1860க்குப் பின் ஆங்கிலேயர் ஆண்ட பகுதிகளிலிருந்தும், ஐந்தாண்டு ஒப்பந்தத்தில் ஆட்கள் ஏற்றப்பட்டனர். 1882ஆம் ஆண்டு ஆங்கில அரசு அதனை நிறுத்தும்வரை கப்பல்கள் சென்றன. அவர்களைத் தீவு 'மலபார்' என்று அழைத்தது. பேச்சுமொழி மெல்ல மெல்ல மறைந்தது. காளியும் மாரியும் தீமிதியும் காவடியும் மறையவில்லை. சேந்தாந்திரே என்னும் ஊரில் கோபுரத்தோடு கோயில் நிற்கிறது. அதன் அருகே கரும்பு நிற்கிறது. கரும்பின் மேலே பப்பாங்கு வட்டமிடுகிறது.

கரும்புக் கொல்லையில் எலி பெருகும். எலி கரும்பைக் கடித்துப் பாழாக்கும். அதன் சிறுநீர் கலந்த நீரில் கால் வைப்பவனுக்கு எலிக்காய்ச்சல் வரும். அது உயிரைக் குடிக்கும் நோய். கரும்பு வெட்டுபவன் வெறுங்காலோடு நிற்பவன். ஆகையால் எலிக்கு நஞ்சு வைக்கின்றனர். அதில் குற்றம் காண எவருக்கு மனம் வரும்?

அந்த நஞ்சு வேலை செய்யும் விதம் சற்று நுட்பமானது. குருதி உறைவதற்கு வைட்டமின் கே வேண்டும். உடல் அதனை மீண்டும் மீண்டும் புதுப்பித்துப் பயன்படுத்திக்கொள்ளும். அப்புதுப்பித்தலை இந்நஞ்சு தடுத்துவிடும். தின்ற எலி உடனே சாவதில்லை. உடனே செத்தால் மற்ற எலிகள் ஐயுற்று விலகிவிடும் அல்லவா? நான்கைந்து நாள் அது நடமாடும். உள்ளே குருதி கசியும். நாளுக்கு நாள் தளரும்; பகலில் வெட்டவெளிக்கு வரும்; ஓட மாட்டாது. மேலிருந்து பார்க்கும் பருந்துக்கு அதைவிட எளிய இரை வேறில்லை. நஞ்சின் வகைகள் சில ஈரலில் நெடுநாள் தங்கும். எலியின் ஈரலிலிருந்து அது பருந்தின் ஈரலுக்குக் குடிபோகும். தீவில் இறந்து கிடந்த பப்பாங்குகளின் ஈரலைச் சோதித்த ஆய்வாளர்கள், அவற்றுள் மிகப் பெரும்பாலானவற்றில் எலிநஞ்சின் எச்சத்தைக் கண்டனர். முன்பு கோழிக்குஞ்சு திருடுகிறது என்று அதனைச் சுட்டவர் உண்டு. 1989ஆம் ஆண்டின் அரசாணை தீவின் பிற காட்டுயிர்களோடு அதற்கும் காவல் தந்தது. துப்பாக்கியை ஆணை தடுக்கலாம். அன்போடு வயல் காப்பவனின் கையை ஆணை எப்படித் தடுக்கும்? இனம் பெருக்கும் இணைகள் 200-ஐத் தாண்டா என்பது அறிந்தவர் கணிப்பு.

இவ்வளவும் சொல்லி முடித்த விருந்தினர், வெள்ளை உள்ளத்தோடு ஒரு கேள்வி கேட்டார்: "உங்கள் நிலத்தில் எலிக்கு என்ன செய்கிறீர்கள்?"

நான் விடை கூறவில்லை.

அதற்கு முந்தைய ஆண்டு கேழ்வரகு பால்பிடித்த பருவத்தில் எலி மிகுந்தது. நான் கடைத்தெருவுக்குச் சென்று எலிமருந்து வில்லை வாங்கி வந்து வளைதோறும் வைத்தேன். பயிர் பிழைத்தது. ஒரு வாரம் கழித்து, கிணற்றருகே இருந்த புங்க மரத்தடியில் ஒரு வெண்கூகை இறந்து கிடந்தது. காயம் இல்லை, அலகோரத்தில் மட்டும் சிறிது குருதி உலர்ந்திருந்தது. கூகை வீட்டருகே இறப்பது ஆகாது என்று அம்மா சொன்னார். நான் குழி தோண்டிப் புதைத்தேன். இரவெல்லாம் என் வயலில் கூலியின்றி எலி பிடித்த காவலாளி அது என்பது எனக்குத் தெரியும். நான் வைத்த வில்லைதான் அதனைக் கொன்றதா என்பது இன்றுவரை எனக்குத் தெரியாது. அறுத்துப் பார்த்தவர் இல்லை, கேட்டவரும் இல்லை. கைமாறிய நஞ்சின் இயல்பே இதுதான். கொன்றவனுக்குத் தான் கொன்றோம் என்று தெரியவேண்டிய தேவையே அதில் இல்லை.

அன்று முதல் என் மனம் எனக்காகவே வழக்காடத் தொடங்கியது. அது மூன்று வாதங்களை எடுத்து வைத்தது. மூன்றும் எவரும் சொல்லக்கூடியவையே.

முதல் வாதம்: 'நான் எலியைக் கொல்ல எண்ணினேனேயன்றிக் கூகையைக் கொல்ல எண்ணவில்லை. எண்ணமில்லாத செயலில் பழி ஏது?' இதில் உண்மை உண்டு. வேண்டுமென்றே செய்தவனையும் அறியாமல் செய்தவனையும் ஒன்றாக வைப்பது முறையன்று. ஆயினும் மனுநீதிச் சோழன் கதையை நினைத்துப் பாருங்கள். தேர்க்காலில் கன்று விழுந்தது இளவரசன் எண்ணிச் செய்ததன்று. அமைச்சர்கள் அதையே சொன்னார்கள். அரசன் கன்றை இழந்த பசுவின் பக்கம் நின்று பார்த்தான். கொன்றவன் நெஞ்சில் என்ன இருந்தது என்பது கொன்றவனுக்குத்தான் பெரிது. இழந்த பசுவுக்கு இழப்பு மட்டுமே பெரிது. இதில் மற்றொன்றும் உண்டு. அந்தப் பசுவுக்கு ஆட்டி அழைக்க ஓர் ஆராய்ச்சி மணி இருந்தது. பப்பாங்குக்கும் கூகைக்கும் மணி இல்லை. கரும்பின் நடுவே விழுந்த பறவைக்காக யார் கயிற்றை இழுப்பார்?

எண்ணம் வேறு, அறிவு வேறு. அறியாதவனுக்குப் பழியில்லை என்று ஒப்புக்கொண்டாலும், அறிந்தபின் அந்தக் காப்பு இல்லை. நம் நாட்டுக் கழுகுகளின் கதை இதற்குச் சான்று. நோயுற்ற மாட்டுக்கு வலி தீர டைக்குளோஃபினாக் என்னும் மருந்தை ஊசியாய்ப் போட்டார்கள். மாட்டின் மேல் கொண்ட இரக்கமே அதற்குக் காரணம். செத்த மாட்டைத் தின்ற பிணந்தின்னிக் கழுகுகள் சிறுநீரகம் கெட்டு மாண்டன. 1990களில் தொடங்கிய அவ்வீழ்ச்சிக்குக் காரணம் இன்னதென்று 2004ஆம் ஆண்டில்தான் தெளிவாயிற்று. அதுவரை ஊசி போட்டவர் எவரையும் நான் பழிக்க மாட்டேன். 2006ஆம் ஆண்டு இந்திய அரசு கால்நடைக்கு அம்மருந்தைத் தடை செய்தது. தீங்கற்ற மாற்று மருந்தும் கிடைத்தது. அதன் பின்னும் பழைய மருந்தைத் தேடிப் போடுபவனுக்கு 'எனக்குத் தெரியாது' என்னும் சொல் உரியதன்று. அறியாமை ஒன்று, அறிய மறுத்தல் மற்றொன்று. முன்னதற்கு மன்னிப்பு உண்டு.

இரண்டாம் வாதம்: 'நான் ஒருவன்தானா? ஊரெல்லாம் வைக்கிறது, கடையில் விற்கிறார்கள்.' இதற்கு விடை நம் சிலம்பில் இருக்கிறது. கோவலனைக் கொன்றது யார்? பொய்யுரைத்தவன் பொற்கொல்லன், ஆணை இட்டவன் பாண்டியன், வாளை வீசியவன் காவலன். மூன்று கைகள். பழியைப் பங்கிட்டால் ஆளுக்கு மூன்றில் ஒன்றுதான் என்று பாண்டியன் கணக்குப் பார்த்திருக்கலாம். அவன் பார்க்கவில்லை. தன் கை அதில் பட்டது என்று தெரிந்த கணத்தில் பழி முழுவதையும் தன்னதாகக் கொண்டு உயிர் துறந்தான். பொருளைப் பங்கிட்டால் குறையும். பழி அப்படிக் குறைவதில்லை.

மூன்றாம் வாதமே வலிமையானது: 'வேறு வழி என்ன? எலியைத் தின்னவிட்டு நான் பட்டினி கிடப்பதா? கரும்பு வெட்டுபவன் காய்ச்சலில் சாவதா?' பறவைக்காக ஏழையைச் சாகச் சொல்லும் அறம் அறமன்று. வயிறு நிறைந்தவர்கள் குளிர்ந்த அறையில் அமர்ந்து அப்படிப் பேசுவதுண்டு. அவர்கள் பேச்சை நான் ஏற்கவில்லை. ஆனால் தேவை என்பது எல்லை உள்ள சொல். எலியைக் குறைப்பது தேவை. ஆண்டு முழுதும் அளவின்றி நஞ்சைக் கொட்டுவது தேவையன்று. செத்த எலியைத் தேடி எடுத்துப் புதைக்காமல் விடுவது தேவையன்று, அது சோம்பல். தஞ்சை வயல்களில் மூங்கில் கிட்டி வைத்து எலி பிடிப்பதை நாம் அறிவோம். வளை தோண்டி எலி பிடிப்பதில் இருளர் மக்களின் திறமை பெரிது. வயலில் ஆங்கில 'டி' எழுத்து வடிவில் குச்சி நட்டுக் கூகைக்கும் ஆந்தைக்கும் இருக்கை தரும்படி வேளாண் துறையினரும் சொல்லி வருகின்றனர். இவையெல்லாம் செய்தும் போதாத இடத்தில், போதாத அளவுக்கு மட்டும், நஞ்சைப் பெட்டிக்குள் வைத்து அளந்து பயன்படுத்துவானாயின், அவன் மீது நான் குற்றம் சொல்ல மாட்டேன். நான் அப்படிச் செய்யவில்லை. எளிதாய் இருந்தது, செய்தேன்.

இந்த வழக்கை என் மனம் மறுநாள்தான் தீர்த்தது. விருந்தினரைத் தங்கவயலுக்கு அழைத்துச் சென்றேன். ஊருக்கு நடுவே வெண்சாம்பல் நிறத்தில் தட்டைத் தலையோடு மேடு மேடாய் எழுந்து நிற்கும் குன்றுகளைக் கண்டு, "இவை என்ன மலைகள்?" என்று கேட்டார். மலையல்ல என்றேன். சயனைடு மேடு என்று நாங்கள் அழைப்போம். பாறையை மாவாய் அரைத்து, சயனைடு கரைசலில் தங்கத்தைப் பிரித்தபின், எஞ்சியதைக் கொட்டிய மண். 1880 முதல் 2001 வரை இங்கு எடுத்த தங்கம் ஏறத்தாழ 800 டன் என்பர். மேடாய் நிற்கும் மண் 3 கோடி டன்னுக்கும் மேல். வகுத்துப் பாருங்கள்: ஒரு கிராம் தங்கத்துக்கு ஏறத்தாழ 40 கிலோ மண். நம் பெண்டிர் கழுத்தில் கிடக்கும் ஒரு சவரனுக்கு 300 கிலோவுக்கும் மேல். காற்றடி காலத்தில் அம்மண் எழுந்து பறக்கும். லயன் வீடுகளின் கூரையிலும், கொடியில் உலரும் துணியிலும், உண்ணும் சோற்றிலும், குழந்தைகளின் கண்ணிலும் படியும். 3 கிலோமீட்டருக்கும் ஆழமாய் இறங்கித் தோண்டியவர்கள் நம் மக்கள். தங்கம் கப்பலேறிப் போயிற்று. தூசு நம்மோடு தங்கிற்று.

தொலைதூர நகரில் பங்குப்பத்திரம் வைத்திருந்தவர் எவரும் எங்கள் தெருக் குழந்தைக்குத் தீங்கு நினைத்தவரல்லர். மணமேடையில் தாலி வாங்கிய பெண் எவளும் எங்களைப் பகைத்தவள் அல்லள். அவர்கள் எங்களை எண்ணவே இல்லை, அவ்வளவுதான். 'எண்ணவில்லை, நான் ஒருவன்தானா, வேறு வழியில்லை' என்று நான் கூகைக்குச் சொன்ன மூன்று வாதங்களையும் அவர்கள் எங்களுக்குச் சொல்லலாம். அவை அவர்கள் வாயில் வந்தால் நான் ஏற்பேனா? ஏற்க மாட்டேன். சங்கிலியின் கடைசிக் கண்ணியில் இருந்தவன் நான். அங்கிருந்து பார்த்தால் அவ்வாதங்கள் எவ்வளவு வெறுமையானவை என்பது தெரியும். ஆனால் பூதிகோட்டை நிலத்தில், கையில் வில்லையோடு, சங்கிலியின் முதற்கண்ணியில் நின்றவனும் நானே.

புலம்பெயர்ந்தோருக்கு உரிய கல்வி இதுவென்று எண்ணுகிறேன். நாம் இரண்டு முனைகளையும் அறிந்தவர்கள். பிறர் வளத்துக்காக உழைத்து, அதன் கழிவை மட்டும் பெற்ற தலைமுறை நமக்கு உண்டு. இன்று வசதி பெற்று, நம் வளத்தின் கழிவைக் கண்காணாத உயிருக்கு அனுப்பும் தலைமுறையும் நாமே. முதலாவதை மட்டும் நினைவில் வைத்து மேடைதோறும் பேசி, இரண்டாவதை மறந்தால், நம் துன்பம் நமக்கு ஒன்றும் கற்பிக்கவில்லை என்றே பொருள்.

ஓர் ஊர் நம் ஊராவது எப்படி என்ற பழைய கேள்விக்கும் இங்கே விடை கிடைக்கிறது. நாம் எங்குச் சென்றாலும், 'நீ எந்த ஊரான்? எப்போது வந்தாய்?' என்று கேட்கிறார்கள். நாமும் ஆண்டுக்கணக்கைச் சொல்லி உரிமை கேட்கிறோம். ஆண்டுக்கணக்கில் பப்பாங்கோடு போட்டியிட எவராலும் முடியாது. அதுவும் ஒரு நாள் வந்ததுதான். நம் முன்னோர் நிலத்தை ஆண்டுக்கணக்கால் அறியவில்லை. அதன் கருப்பொருளால் அறிந்தனர். மரமும் விலங்கும் பறவையும் சேர்ந்ததே திணை. பருந்தைப் பாலைக்கு உரிய பறவையாக இலக்கணம் வைத்தது. பிரிவைப் பாலைக்கு உரிய ஒழுக்கமாக வைத்தது. பொருள் தேடிப் பிரிந்து போகிறவன் தலைக்கு மேலே பருந்து வட்டமிட்டது. பாலைக்கெனத் தனி நிலம் இல்லை என்பதும், நல்ல நிலம் தன் இயல்பு கெட்டே பாலையாகிறது என்பதும் சிலம்பு உணர்த்தும் கருத்து. பிரிந்து சென்றவன் தான் சென்றடைந்த நிலத்தையும் பாலையாக்கிவிட்டால், அவனுக்கு எந்த நிலமும் ஊராகாது. தான் வாழுமிடத்தின் பறவை தன்னால் சாகாதபடி பார்த்துக்கொள்பவனே அவ்வூரான். பட்டாவும் பிறப்புச் சான்றும் அதற்குப் பின்புதான்.

ரியூனியனில் பறவை ஆய்வுக் கழகத்தார், அடிபட்ட பப்பாங்குகளை மீட்டு மருந்திட்டுப் பறக்க விடுகின்றனர் என்றும், கண்டெடுத்துக் கொடுப்போரில் கரும்புத் தோட்டத்து மலபார்க் குடும்பங்களும் உண்டு என்றும் விருந்தினர் கூறினார். அவருடைய தந்தையாரும் ஒருமுறை தம் சட்டையைக் கழற்றிச் சுற்றி ஒரு பறவையை எடுத்துச் சென்றாராம். அது பிழைத்ததா என்று கேட்டேன். "இல்லை. ஆனால் அதன் பிறகு அப்பா நஞ்சு வைக்கவில்லை, பொறி வைத்தார். விளைச்சல் கொஞ்சம் குறைந்தது" என்றார். அவர் அதனைப் பெருமையாகச் சொல்லவில்லை. கணக்குச் சொல்வதுபோலச் சொன்னார்.

'விளைச்சல் கொஞ்சம் குறைந்தது' என்னும் அச்சொல்லை நான் அடிக்கடி நினைக்கிறேன். அறத்துக்கு விலை இல்லை என்பார்கள். உண்டு. அது பெரும்பாலும் இரண்டு மூட்டை கேழ்வரகு அளவில்தான் இருக்கும். அதற்கும் நாம் தயங்குகிறோம்.

இப்போது எங்கள் நிலத்தில் கிட்டி இருக்கிறது, குச்சிகளும் நட்டிருக்கிறேன். எலி அடியோடு போய்விடவில்லை. சென்ற மார்கழியில் சாம்பல் நிறப் பறவை மீண்டும் வந்தது. சாம்பற்கோட்டைக் கொல்லையின் மேல் தாழ்ந்து தவழ்ந்து, ஒரு வரப்போரம் சட்டென்று இறங்கி, எதையோ பற்றிக்கொண்டு எழுந்தது. அது என்ன இரை என்று எனக்குத் தெரியவில்லை. என் நிலத்திலிருந்து அது எடுத்துச் சென்ற உணவில் நான் வைத்த நஞ்சு இல்லை என்பது மட்டும் தெரியும்.